பதினெட்டு முடியாத பையனைப் போலீஸ் கூட்டிப்போனால்: வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

இதைப் படிக்கிற நேரத்தில் உங்கள் வீட்டுப் பையன் ஸ்டேஷனில் இருந்தால், முதலில் பீரோவைத் திறந்து அவனுடைய பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் எடுங்கள். போனில் படம் எடுத்து சொந்தக்காரர்கள் நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள், இரண்டு மூன்று ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஸ்டேஷனில் ஜெராக்ஸ் மட்டும்தான் கொடுக்க வேண்டும், அசல் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. போகிற வழியிலேயே 15100-க்குப் போன் போடுங்கள், அது இலவச சட்ட உதவி எண். குழந்தைகளுக்கான 1098-க்கும் சொல்லி வைக்கலாம். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

நான் சட்டத் தன்னார்வலராக இந்த மாதிரி வீடுகளோடு ஸ்டேஷனுக்கும் போர்டுக்கும் (சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம்) அலைகிற ஆள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதற்கு மத்திய அரசின் மாதிரி விதிகள் 2016-இல் வந்தன, தமிழ்நாட்டுக்கென்று தனி விதிகள் 2017-இல் வந்தன. பையனுக்குச் சாதகமாக இதில் ஏகப்பட்டது எழுதியிருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் போய் வாய் திறந்து கேட்டால்தான் பாதியாவது நடக்கும். எதை, யாரிடம், எப்போது கேட்பது என்பதைத்தான் கீழே சொல்லப் போகிறேன்.

வயதுதான் முதல் சண்டை

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் பதினெட்டு முடிந்திருந்ததா என்பதுதான் கேள்வி. பிடிபட்ட நாள், வழக்கு விசாரணைக்கு வரும் நாள், இதெல்லாம் கணக்கில்லை. பதினேழு வயதில் நடந்த அடிதடிக்கு இருபது வயதில் வந்து பிடித்தாலும் அவனை இந்தச் சட்டப்படிதான் நடத்த வேண்டும்.

ஸ்டேஷனில் இது எப்படிக் கெட்டுப்போகிறது என்று பாருங்கள். ஏட்டு கேட்கிறார், "வயசு என்னடா?" பையன் நடுங்கிக்கொண்டே "பதினெட்டு ஓடுது சார்" என்கிறான். பதினேழு முடிந்து பதினெட்டாவது நடக்கிறது என்று அவன் சொல்கிறான், பேப்பரில் 18 என்று ஏறிவிடுகிறது. சில இடங்களில் 19 என்றே ஏறும், ஏனென்றால் சிறுவன் என்று எழுதினால் நடைமுறை முழுவதும் வேறு, வேலை அதிகம். அந்த ஒரு எண்ணால் பையன் நேராக மாஜிஸ்திரேட் முன்னால் போய், அங்கிருந்து பெரியவர்களின் சிறைக்குப் போய்விடுவான். அதனால் நீங்கள் ஸ்டேஷனில் வாய் திறந்து சொல்லும் முதல் வாக்கியத்திலேயே அவனுடைய பிறந்த தேதி இருக்கட்டும், நாள் மாதம் வருடத்தோடு.

வயதை நிரூபிக்கும் வரிசையைச் சட்டமே சொல்லிவிட்டது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லாதபோது மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை, அதையும் உத்தரவிட்ட 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். எலும்புச் சோதனையில் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும், அதனால் சான்றிதழ் கையில் இருக்கும்போது அதற்குச் சரி என்று தலையாட்டாதீர்கள். ஆதார் அட்டை இந்த வரிசையிலேயே இல்லை. இருந்தாலும் நம் ஆட்கள் முதலில் நீட்டுவது அதைத்தான், அதில் எத்தனை வீட்டில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சிக்கல் நம் ஊர்ப் பழக்கத்தால் வருவது. ஒன்றாம் வகுப்பில் சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று வயதைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், பள்ளியில் பதினெட்டு, பிறப்புச் சான்றிதழில் பதினேழரை என்று இருக்கும். சட்டம் பள்ளியைத்தான் முதலில் பார்க்கும். அப்படி இருந்தால் இரண்டையும் வக்கீலிடம் கொடுத்து, ஏன் வித்தியாசம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை எல்லாம் அப்போது உதவலாம். ஏற்கெனவே தவறான வயதோடு சிறைக்குப் போய்விட்டான் என்றாலும் கதை முடியவில்லை. சிறுவன் என்ற வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், தீர்ப்பு முடிந்த பிறகும்கூட எழுப்பலாம் என்று சட்டத்தின் 9-ஆவது பிரிவு சொல்கிறது.

ஸ்டேஷனில் என்ன கேட்பது

"குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் சார்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உதவி சார்பு ஆய்வாளருக்குக் (ஏ.எஸ்.ஐ.) குறையாத ஒருவரை இதற்கென்று வைத்திருக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே, விஷயம் தெரிந்த வீடு என்று அங்கே புரிந்துவிடும், பேச்சின் தொனி மாறும்.

பையனை லாக்-அப்பில் போடக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. அவனைக் கையாளும் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது. உடனே பெற்றோருக்கும், பையனின் குடும்பப் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். பெண் குழந்தை என்றால் பெண் போலீஸ் இருந்தாக வேண்டும், இதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

இன்னும் ஒன்று, இது பல போலீஸ்காரர்களுக்கே பழக்கத்தில் இல்லை. மாதிரி விதிகளின்படி, கொடிய குற்றம் என்றாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோ தவிர, சிறுவன் மீது எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் பதிந்து, அவனுடைய குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கையோடு போர்டுக்கு அனுப்பினால் போதும். செல்போன் திருட்டு, பள்ளி வாசலில் கைகலப்பு மாதிரி விஷயங்களில் பையனைப் பிடித்து வைப்பதே விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், அவன் நலனுக்குத் தேவை என்றால் மட்டும்.

நடைமுறையில் பெரிய ஆபத்து கைது இல்லை, கைது என்று காட்டாமல் வைத்திருப்பதுதான். "சும்மா விசாரணைக்குத்தான்மா, காலையில அனுப்பிடுவோம்" என்பார்கள். காலை மாலையாகும், மாலை மறுநாளாகும், பேப்பரில் எங்கேயும் பையன் இருக்க மாட்டான். அந்தக் காலத்தில் இதற்கு வீட்டார் மாஜிஸ்திரேட்டுக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிப்பார்கள், அந்தத் தந்தி ரசீதுதான் பிறகு கோர்ட்டில் பேசும். தந்தி 2013-இல் நின்றுபோயிற்று. இப்போது அதே வேலையை மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செய்யும்: இன்னார் மகன், பிறந்த தேதி இது, இத்தனை மணிக்கு இந்த ஸ்டேஷனைச் சேர்ந்தவர்கள் அழைத்துப் போனார்கள், இன்னும் போர்டில் ஆஜர்படுத்தவில்லை என்று நாலு வரி. எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூன்றுக்கும் அனுப்புங்கள். திட்டாமல், குற்றம் சாட்டாமல், நேரத்தை மட்டும் சரியாக எழுதுங்கள்.

அடித்திருந்தால்? ஸ்டேஷனில் நின்று சத்தம் போட்டால் உள்ளே இருக்கும் பையனுக்குத்தான் இன்னும் விழும். போர்டு முன் வந்ததும் முதல் வேலையாக, பையனே தன் வாயால் சொல்லட்டும், எங்கே அடித்தார்கள், எதால் அடித்தார்கள் என்று. மருத்துவப் பரிசோதனை கேளுங்கள், அதை உத்தரவில் எழுதச் சொல்லுங்கள். பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் துன்புறுத்துவது 75-ஆவது பிரிவில் தனிக் குற்றம்.

"ஒத்துக்கோடா, விட்டுடுவாங்க" என்று வீட்டிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக நிற்காதுதான், ஆனால் அதை வைத்து ஒளித்த கத்தியையோ போனையோ எடுத்துவிட்டால் அந்தப் பகுதி நிற்கும். அப்புறம் பையனுடைய போன். பட்டாக்கத்தியோடு எடுத்த ரீல்ஸ் இருக்கிறதே என்று பதறி அக்காவும் அண்ணனும் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழிப்பார்கள். அழித்தது எப்படியும் தெரிய வரும், சாட்சியத்தை அழித்த வழக்கு பெரியவர்கள் மேல் வரும். போனை அப்படியே வைத்துவிட்டு வக்கீலிடம் சொல்லுங்கள்.

வக்கீல்

குழந்தை என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போர்டிலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமித்த வக்கீல்கள் இருப்பார்கள். சொந்தமாக வைத்தாலும் சரி, ஆனால் இளைஞர் நீதிக் குழுமத்தில் பழக்கமுள்ளவரா என்று கேட்டு வையுங்கள். கிரிமினல் கோர்ட்டில் இருபது வருடம் கொடிகட்டிப் பறந்தவர்கூட இங்கே வந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற வேகத்தில் பையனின் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மறந்துவிடுவார்.

கூடப் பிடிபட்டவர்களில் பெரியவர்கள் இருந்தால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். "நம்ம அண்ணன் வக்கீல் வெச்சிருக்கார், தம்பிக்கும் அவரே பார்த்துக்குவார்" என்று ஏரியா ஆள் ஒருவர் வீட்டுக்கு வருவார், பழக்கூடை, கொஞ்சம் பணம்கூட வரும். அந்த அண்ணனைக் காப்பாற்ற உங்கள் பையன் பழியை ஏற்க வேண்டும் என்பதுதான் அங்கே பேரம், சின்னப் பையனுக்குத் தண்டனை கம்மிதானே என்று. அவருடைய வக்கீல் உங்கள் பையனுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு வழக்கையும் சேர்த்து விசாரிக்கவும் முடியாது, சிறுவனுக்குத் தனி விசாரணை என்பது சட்டம். சிறுவர்களைக் குற்றச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் 83-ஆவது பிரிவில் இருக்கிறது, கஞ்சாப் பொட்டலம் சுமக்க வைத்தால் 78-ஆவது பிரிவு. பையன் அப்படிப் பயன்படுத்தப்பட்டவன் என்றால் அதை முதல் வாரமே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

"போர்டில் எனக்கு ஆளைத் தெரியும்" என்று வருகிறவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் வேண்டாம்.

போர்டும் ஜாமீனும்

இளைஞர் நீதிக் குழுமத்தில் மூன்று பேர்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். கூண்டு, உயர்ந்த மேடை எதுவும் இருக்கக் கூடாது. அம்மா பக்கத்தில் உட்காரலாம். போர்டு கூடாத நாள் என்றால் ஓர் உறுப்பினர் முன்னாலாவது ஆஜர்படுத்த வேண்டும், "இன்னைக்கு லீவு, திங்கக்கிழமைதான்" என்பது பதில் ஆகாது.

ஜாமீனைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியாதது: பெரியவர்களுக்கு ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றாலும் சிறுவனுக்கு ஜாமீன்தான் விதி. மூன்று காரணங்களுக்காக மட்டும் மறுக்கலாம். வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடல், மன, ஒழுக்க ரீதியான ஆபத்து வரும், அல்லது நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும், அதை எழுதியும் வைக்க வேண்டும். குற்றம் பெரியது என்பது மட்டும் காரணம் ஆகாது. ஆகவே நீங்கள் போர்டில் காட்ட வேண்டியது அவன் நிரபராதி என்பதை இல்லை, அதற்கு நேரம் வரும். இப்போது காட்ட வேண்டியது, வெளியே வந்தால் எங்கே இருப்பான், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை. அதே தெருவில் அதே கூட்டாளிகள் இருந்தால் மதுரையில் தாய்மாமன் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று மாமனையே அழைத்து வந்து நிறுத்துங்கள், பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள். பல வழக்குகளில் பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரமே போதும். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் உள்ளேயே இருந்தால், நிபந்தனையை மாற்ற அவனைத் திரும்பப் போர்டு முன் கொண்டுவர வேண்டும்.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். முந்நூறு வார்த்தையில் விபத்து பற்றிக் கட்டுரை எழுது என்று சொல்லி அன்றே ஜாமீனில் விட்டதும் நாடே கொதித்தது. கொதித்ததில் நியாயம் இருக்கிறது, கட்டுரை நிபந்தனை அபத்தம்தான். ஆனால் ஜாமீன் கொடுத்தது சட்டத்தின்படி வினோதம் இல்லை, வினோதம் என்னவென்றால் செல்போன் திருடியதாகப் பிடிபட்ட கூலிக்காரர் மகனுக்கு அதே வேகத்தில் அது கிடைக்காததுதான். அந்த வேகத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கும் உரிமை இருக்கிறது.

ஜாமீன் கிடைக்காவிட்டால் கூர்நோக்கு இல்லம், அதாவது வழக்கு நடக்கும்போது சிறுவர்களை வைக்கிற இடம். பிரச்சினை முடிகிற வரை அங்கே பத்திரமாக இருக்கட்டும், புத்தி வரட்டும் என்று சில அப்பாக்கள் ஜாமீனே போடாமல் விடுவதுண்டு. அவர்களுக்கு நான் செங்கல்பட்டைச் சொல்வேன். 2022 டிசம்பர் கடைசியில், திருட்டு வழக்கில் அங்குள்ள அரசு இல்லத்தில் வைக்கப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன் அடித்தே கொல்லப்பட்டான், இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இல்லங்களைச் சீர்திருத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது, அவர் 2023-இல் அறிக்கை கொடுத்தார். எல்லா இல்லமும் அப்படி என்று சொல்ல மாட்டேன், அக்கறையான கண்காணிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பையன் உள்ளே இருந்தால் பார்வை நாள் ஒன்றையும் தவற விடாதீர்கள், முகத்தையும் கையையும் நடையையும் பாருங்கள், ஏதாவது தெரிந்தால் அன்றே போர்டுக்கு எழுதிக் கொடுங்கள். அடிக்கடி ஆள் வந்து பார்க்கிற பையன் மேல் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும் நாள்

இதை வீட்டார் சாதாரணமாக நினைக்கிறார்கள், வழக்கில் பாதி இதில்தான் இருக்கிறது. இரண்டு வாரத்துக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். அப்பா குடிக்கிறாரா, பையன் எப்போது படிப்பை நிறுத்தினான், யாரோடு சுற்றுகிறான், வீட்டில் அடி உதை உண்டா என்று எல்லாம் கேட்பார், பக்கத்து வீட்டிலும் பள்ளியிலும் விசாரிப்பார். "எங்க வீட்ல ஒரு குறையும் இல்லீங்க சார், தங்கமான பையன்" என்று ஒப்பிக்காதீர்கள், அவர் அதை ஆயிரம் வீட்டில் கேட்டிருப்பார். அப்பா குடிப்பது உண்மை என்றால் சொல்லுங்கள், கூடவே பாட்டி வீட்டில் வளர்கிறான் என்பதையும் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் பள்ளி விட்டது திரும்பப் போகவில்லை, வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான் என்றால் பட்டறைக்காரரின் எண்ணைக் கொடுங்கள். மனநல மாத்திரை, வலிப்பு, படிப்பில் குறைபாடு எது இருந்தாலும் மருத்துவச் சீட்டோடு காட்டுங்கள். பிறகு போர்டு என்ன உத்தரவு போடலாம் என்று யோசிக்கும்போது கையில் இருப்பது இந்தக் காகிதம்தான்.

விசாரணையும் உத்தரவும்

மூன்று வருடம் வரை தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை என்று எழுதியிருந்தால் கொடிய குற்றம். நடுவில் இருப்பது கடுமையான குற்றம். பத்து வருடம் வரை தண்டனை, ஆனால் குறைந்தபட்சம் எதுவும் சொல்லவில்லை என்ற வகையும், உதாரணமாக வழிப்பறி, கொலை முயற்சி, நடுப்பிரிவில்தான் வரும். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது, 2021 திருத்தத்தில் அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. எஃப்.ஐ.ஆரில் பெரிய பிரிவைப் பார்த்து மயங்கி விழாமல், அதில் குறைந்தபட்சத் தண்டனை உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

முதல் தடவை ஆஜரான நாளிலிருந்து நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும், இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். அதற்கும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு அத்தோடு கைவிடப்பட வேண்டும். தானாக யாரும் கைவிட மாட்டார்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, ஆறு மாதம் ஆனதும் மனுப் போடச் சொல்லுங்கள்.

தவறு செய்தான் என்று போர்டு முடிவுக்கு வந்தாலும் பெரியவர்கள் மாதிரி தண்டனை கிடையாது. கண்டித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், மூன்று வருடம் வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், எல்லாவற்றுக்கும் மேலே சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்று வருடம். உத்தரவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு.

பதினாறு முடிந்தவன், கொடிய குற்றம்

2012 டெல்லி நிர்பயா வழக்கில் ஒரு சிறுவனுக்கு மூன்று வருடம் மட்டும் கிடைத்தது. அவன் 2015 டிசம்பரில் விடுதலையான அதே வாரத்தில் நாடாளுமன்றத்தில் இந்தப் புதுச் சட்டம் நிறைவேறியது. கோபத்தில் பிறந்த பிரிவு, அந்த அவசரம் இன்னும் அதில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

இதன்படி பதினாறு முடிந்த பையன் மேல் கொடிய குற்றம் சொல்லப்பட்டால், அவனைப் பெரியவனாக விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கப் போர்டு ஒரு முதல்நிலை மதிப்பீடு செய்யும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று மூன்று விஷயம். குற்றம் செய்தானா இல்லையா என்பது அப்போது கேள்வியே இல்லை. இது விசாரணை அல்ல என்று சட்டமே சொல்கிறது. போர்டில் உளவியல் தெரிந்தவர் இல்லையென்றால் நிபுணரின் உதவியைப் பெற்றே ஆக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நிமிடப் பேச்சில் "விவரம் தெரிந்த பையன்" என்று எழுதிய மதிப்பீட்டை வைத்து வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றினால், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு பக்கம், உளவியலாளரிடம் "ஒண்ணும் தெரியாத மாதிரி நடி" என்று பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள், அவர்கள் அதைக் கண்டுபிடிக்கத்தான் படித்திருக்கிறார்கள்.

வழக்கு மாறினாலும் பெரியவனாக விசாரிப்பதா என்பதைக் குழந்தைகள் நீதிமன்றம் மறுபடி ஒருமுறை தானாகப் பரிசீலிக்கும். தண்டனை வந்தாலும் இருபத்தொரு வயது வரை பாதுகாப்பு இடத்தில்தான் வைக்க வேண்டும், சிறையில் இல்லை. மரண தண்டனையும் விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கொடுக்கவே முடியாது.

போர்டில் நான் பார்க்கும் கொடிய குற்றப் பையன்கள் எல்லோரும் நீங்கள் நினைக்கிற மாதிரி இருக்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் காதலித்து, ஊரை விட்டுப் போய், நாலு நாள் கழித்துத் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ பிடிபடுவார்கள். போக்சோ சட்டத்தில் குறைந்தபட்சமே பத்து வருடம், ஆகவே கொடிய குற்றம், ஆகவே மதிப்பீடு. பெண் விரும்பித்தான் வந்தாள் என்பது பதினெட்டுக்குக் கீழே சட்டப்படி பதிலே இல்லை. இரண்டு வீட்டாரும் ஜாதிப் பெயர் சொல்லித் திட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து பேச முடிந்தால் பேசுங்கள், இளவயதுக் காதல் வழக்குகள் சிலவற்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கும்போது பையன் அந்தப் பெண்ணுக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பக் கூடாது. அதை அவனுக்குப் புரிய வைப்பதுதான் வீட்டாருக்கு இருக்கிற கஷ்டமான வேலை.

வண்டி கொடுத்தவர்களுக்கு

லைசென்ஸ் இல்லாத மகனிடம் பைக் சாவியைக் கொடுத்து விபத்து நடந்தால் முதல் குற்றவாளி நீங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199-ஏ பிரிவுப்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தெரியாமல் எடுத்துப் போனான் என்றால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

வழக்கு முடிந்த பிறகு

பையனின் பெயர், படம், பள்ளி, ஊர் எதையும் பத்திரிகையோ யூடியூப் சேனலோ வெளியிடக் கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போர்டில் கொடுங்கள். நம் வீட்டு ஆட்களே "என் தம்பி நிரபராதி" என்று அவன் படத்தோடு ஸ்டேட்டஸ் போடுவதுதான் இதில் கொடுமை.

இந்தச் சட்டத்தின் கீழ் முடிந்த வழக்கு எந்த வேலைக்கும் படிப்புக்கும் தகுதியிழப்பு ஆகாது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்க வேண்டும். குழந்தைகள் நீதிமன்றத்தில் பெரியவனாக விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி ஆனவனுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. நன்னடத்தைச் சான்றிதழுக்குப் போலீஸ் அந்தப் பழைய பதிவைச் சொல்லவும் கூடாது. சிறார் வயது வழக்கைக் காட்டி மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இருந்தும் போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்த பையன்கள் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டு அலைவது நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்கும் பெயர் தானாக மறைவதில்லை. அதனால் வழக்கு முடிந்த உத்தரவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி, அந்தப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிற ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். போர்டில் ஆவணம் அழிந்த பிறகு வழக்கு முடிந்ததற்கு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே அத்தாட்சி அதுதான். விண்ணப்பத்தில் "உங்கள் மேல் வழக்கு உண்டா" என்ற கட்டம் வந்தால் பையன் தனியாக உட்கார்ந்து டிக் அடிக்க வேண்டாம், அந்த நகலோடு வக்கீலைப் பார்த்துக் கேட்டுவிட்டு நிரப்பட்டும்.